உடைந்த கெட்டிலைத் திருப்பி அனுப்பாதீர்கள்

கேள்வி: ஐந்து வாரங்களுக்கு முன் என் அம்மா (வயது 68) மின்சாரக் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்துத் தூக்கியபோது அதன் கைப்பிடி அடியோடு கழன்று கையில் வந்துவிட்டது. கொதிநீர் வலது தொடையிலும் பாதத்திலும் கொட்டியதில் ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். அந்தக் கெட்டில் எட்டு மாதங்களுக்கு முன் என் சித்தி பரிசாகக் கொடுத்தது. பில் எங்களிடம் இல்லை. அன்று அளவுக் கோட்டுக்குச் சற்று மேலேயே தண்ணீர் ஊற்றியிருக்கலாம் என்று அம்மாவே சொல்கிறார். நிறுவனத்துக்கு எழுதினோம். உடைந்த கெட்டிலை அனுப்பிவைத்து ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டால், புதுக் கெட்டிலும் இதுவரை ஆன மருத்துவச் செலவும் தருவதாகப் பதில் வந்திருக்கிறது. நடந்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற வரியும் அந்தப் பத்திரத்தில் இருக்கிறது. வழக்கு வம்பு வேண்டாம், கொடுத்துவிடு என்கிறார் அம்மா. எனக்கு மனம் ஒப்பவில்லை. வக்கீலிடம் போனால் பணத்துக்கு ஆசைப்பட்டதாக ஆகிவிடாதா? இன்னொரு வீட்டில் இப்படி நடக்காமல் தடுக்க ஒரு வழக்கால் முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அம்மாவுக்குப் புண் ஆறி வருகிறது என்று நம்புகிறேன். நீங்கள் கேட்டிருப்பவை பல. அவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கெட்டிலை யாரிடமும் கொடுக்காதீர்கள். இன்றைக்கு உங்கள் பக்கம் பேசக்கூடிய சாட்சி அது ஒன்றுதான். அது கையைவிட்டுப் போய்விட்டால், பின்னால் எவ்வளவு திறமையான வழக்கறிஞர் வந்தாலும் வெறும் வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டுதான் வாதாட வேண்டியிருக்கும்.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் எடுத்துக்கொண்ட வழக்கு ஒன்று இன்னும் மனத்தை அரிக்கிறது. மடக்கு ஏணியின் படி பிடுங்கிக்கொண்டதால் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒருவர் என்னிடம் வந்தார். ஏணி எங்கே என்று கேட்டேன். வீட்டில் கிடந்தால் பார்க்கும்போதெல்லாம் வேதனையாக இருக்கிறது என்று அவருடைய மகன் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டிருந்தார். மிஞ்சியது கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு படம். அதிலும் படியைச் சட்டத்தோடு பிணைத்திருந்த ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் நிழல்தான் விழுந்திருந்தது. ரிவெட்டின் உலோகம் தரமற்றதா, துளை தவறான இடத்தில் போடப்பட்டதா, அல்லது ஏணியைக் கோணலாகச் சாத்தியதால் முறிந்ததா என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாமல் போய், அந்த மனிதர் வெறுங்கையோடு திரும்பினார். அவர் தரப்பில் நியாயம் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.

உங்கள் கெட்டிலில் பார்க்க வேண்டிய இடம், கைப்பிடி உடலோடு சேர்ந்திருந்த இடத்தில் உடைந்திருக்கும் பிளாஸ்டிக்கின் முகம். நல்ல வெளிச்சத்தில், கை படாமல், அதைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். உடைந்த பரப்பு முழுவதும் ஒரே நிறமாக, புதிதாகப் பிளந்ததுபோல் சுத்தமாக இருந்தால் அது ஒரே வீச்சில் முறிந்திருக்கக்கூடும். ஒரு பகுதி மங்கியோ, அழுக்கோ உப்புப் படிவோ ஏறியோ இருந்து, மீதிப் பகுதி மட்டும் புதிதாகத் தெரிந்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று விபத்துக்கு முன்பே அங்கே உருவாகி, ஒவ்வொரு முறை தூக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து வந்திருக்கிறது என்று பொருள்கொள்ள இடமுண்டு. முடிவு சொல்ல வேண்டியவர் பிளாஸ்டிக், உலோகம் போன்ற பொருட்களின் தன்மை அறிந்த பொறியாளர். நீங்களோ நானோ இல்லை. ஆனால் அவர் பார்ப்பதற்கு அந்தப் பரப்பு அப்படியே இருந்தாக வேண்டும். எனவே கெட்டிலைக் கழுவாதீர்கள், உள்ளே படிந்த உப்பைத் தேய்த்து எடுக்காதீர்கள், பொருந்துகிறதா என்று உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் பார்க்காதீர்கள், மின்சாரத்தில் இணைத்துச் சோதிக்காதீர்கள். அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எல்லாக் கோணங்களிலும், அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் தெளிவாகத் தெரியும்படியும் படம் எடுத்து, துண்டுகளைத் தனித்தனி உறைகளில் இட்டு, பெட்டியில் வைத்து மூடி, யார், எந்த நாளில், எங்கே வைத்தார் என்று எழுதிவையுங்கள். வாங்கியபோது வந்த அட்டைப் பெட்டியும் விளக்கக் கையேடும் இருந்தால் அவையும் சான்றுகளே.

நிறுவனம் ஆராய விரும்புவது நியாயமான கோரிக்கைதான். அதை மறுக்கச் சொல்லவில்லை. இரு தரப்பு நிபுணர்களும் உடனிருக்க, முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொண்ட முறைப்படி, அறுக்கவோ கழற்றவோ வேண்டியிருந்தால் அதற்கும் இரு தரப்பும் சம்மதித்த பிறகு ஆராயலாம். இந்த ஏற்பாட்டைச் செய்வது வழக்கறிஞரின் முதல் வேலைகளில் ஒன்று.

ஒரு பொருளைக் கையில் வைத்திருப்பதால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் சாவிப்பூட்டு விவகாரத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 2010இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் இளம்பெண் கார் விபத்தில் இறந்தார். ஓட்டியவரின் பிழை என்று முடிந்திருக்கக்கூடிய அந்த விபத்தை, அவருடைய பெற்றோருக்காக லான்ஸ் கூப்பர் என்ற வழக்கறிஞர் எடுத்துக்கொண்டார். ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி தானாகத் திரும்பி எஞ்சின் அணைந்துவிடுகிறது, அணைந்த காரில் காற்றுப்பை விரியாது என்ற சந்தேகம் எழுந்ததும், அவர் அமர்த்திய பொறியாளர் விபத்துக் காரின் பூட்டையும் புதிதாக வாங்கிய அதே பூட்டையும் பிரித்து, ஊடுகதிர்ப் படம் எடுத்து ஒப்பிட்டார். உள்ளே இருந்த சிறு தண்டு, புதிய பூட்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமாக இருந்தது. நிறுவனம் பாகத்தை மாற்றியிருக்கிறது. பாக எண்ணை மட்டும் மாற்றவில்லை. அதாவது குறை இருந்தது யாருக்கோ தெரிந்திருக்கிறது. அந்த ஒப்பீட்டிலிருந்து இழுபட்ட நூல்தான் 2014இல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்பப் பெறுவதில் போய் முடிந்தது. பின்னர் அமைக்கப்பட்ட இழப்பீட்டு நிதியம் 124 மரணங்களை இந்தக் குறையோடு தொடர்புடையவை என்று ஏற்றது. விபத்துக் காரின் பூட்டு பத்திரமாக இல்லாமல் போயிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே இருந்திருக்காது.

அடுத்து, பில் இல்லை, வாங்கியவரும் நீங்கள் இல்லை என்ற உங்கள் தயக்கம். நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தத் தயக்கம் சட்டப்படியே சரியாக இருந்தது. யாரிடம் பணம் கொடுத்து வாங்கினாயோ அவரோடுதான் உனக்கு ஒப்பந்தம், தயாரித்தவனை நீ கேள்வி கேட்க முடியாது என்பதே பொதுவான நிலை. 1916இல் மரச்சக்கரத்தின் ஆரங்கள் நொறுங்கிக் கார் நிலைகுலைந்த வழக்கில், நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ, காரை இடைத்தரகர் விற்றிருந்தாலும் தயாரித்த பியூக் நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பளித்தார். அமெரிக்காவில் ஒப்பந்தம் என்ற அந்தச் சுவரில் விழுந்த பெரிய ஓட்டை அது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது ஸ்காட்லாந்து வழக்கு. 1928 ஆகஸ்டில் பெய்ஸ்லி என்ற ஊரின் சிற்றுண்டிச் சாலையில் ஒரு பெண்மணிக்குத் தோழி இஞ்சிப் பானம் வாங்கித் தருகிறார். புட்டி உள்ளே தெரியாத கருநிறக் கண்ணாடி. பாதி குடித்த பிறகு மீதியை ஊற்றும்போது அழுகிய நத்தை மிதந்து வந்தது என்பது அந்தப் பெண்மணியின் முறையீடு. அவர் வாங்கவும் இல்லை, பணம் கொடுக்கவும் இல்லை. அவருக்காக முன்வந்த கிளாஸ்கோ வழக்கறிஞர் வால்டர் லீச்மன், இதேபோல் பானப் புட்டியில் எலி கிடந்ததாகத் தொடுத்த வழக்குகளில் அப்போதுதான் தோற்றிருந்தார். தோற்ற மூன்று வாரங்களுக்குள் இந்த வழக்கைப் பதிவு செய்தார். அந்தப் பிடிவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். வழக்கு லண்டனில், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. வாதி வறியவர் என்று ஏற்கப்பட்டு அங்கே வழக்காட அனுமதிக்கப்பட்டார். 1932 மே மாதம், மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், தன் செயலால் யார் நேரடியாகப் பாதிக்கப்படுவார் என்று நியாயமாக முன்னுணர முடியுமோ அவரிடம் கவனமாக இருக்கும் கடமை தயாரிப்பாளருக்கு உண்டு என்று தீர்ப்பானது. உங்கள் அம்மா கெட்டிலை வாங்கவில்லை. ஆனால் கெட்டிலைத் தூக்கப்போகும் ஒருவர் இருப்பார் என்பது அதைச் செய்தவருக்குத் தெரியும்.

பிறகு சட்டம் இன்னும் ஒரு படி முன்னே போனது. மனைவி பரிசாக வாங்கித் தந்த மரவேலைக் கருவியில் மரத்துண்டு பாய்ந்து வந்து நெற்றியில் அடித்ததாக ஒருவர் தொடுத்த வழக்கில், 1963இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்ற நீதிபதி ரோஜர் டிரேனர், பொருளில் குறை இருந்ததும் அந்தக் குறையால் காயம் பட்டதும் நிரூபிக்கப்பட்டால் போதும், தயாரிப்பாளர் கவனக்குறைவாக இருந்தார் என்று தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்றார். ஐரோப்பாவில் குறையுள்ள பொருள்கள் பற்றிய 1985ஆம் ஆண்டின் நெறியுரையும், இந்தியாவில் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயமும் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவையே. இந்தியச் சட்டத்தில், வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். பில்லைப் பொறுத்தவரை, சித்தி வாங்கிய கடையிலோ, அவருடைய வங்கிக் கணக்கிலோ, மின்னஞ்சலிலோ பதிவு இருக்கக்கூடும். இப்போதே தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அளவுக் கோட்டுக்கு மேல் தண்ணீர் ஊற்றியது பற்றி அம்மா தானாகவே சொன்னது அவருடைய நேர்மை. அதை மறைக்கச் சொல்லும் வழக்கறிஞரிடம் போகாதீர்கள். ஆனால் அதனால் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் எண்ணாதீர்கள். கொதிநீர்க் காயத்தைப் பற்றியே உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு வழக்கு உண்டு. 1992இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில், நின்றிருந்த காரில் உட்கார்ந்து மெக்டொனால்ட்ஸ் காபிக் கோப்பையின் மூடியைத் திறந்தபோது மடியில் கொட்டிக்கொண்ட 79 வயது மூதாட்டியின் வழக்கு அது. காபியைக் கொட்டிவிட்டுக் கோடிகளைக் கேட்ட கிழவி என்று கேலிப்பொருளாக ஆக்கப்பட்டவர் அவர், நடந்தது வேறு. தொடையிலும் கவட்டியிலும் தோலின் முழு ஆழத்துக்கும் வெந்து, எட்டு நாள் மருத்துவமனையில் தோல் ஒட்டு சிகிச்சை பெற்றார். முதலில் அவர் கேட்டது, செலவை ஈடுகட்டச் சுமார் 20,000 டாலர். நிறுவனம் தர முன்வந்தது 800. வழக்கு நீதிமன்றத்துக்கு வந்த பிறகுதான், காபியை 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வைத்துக் கொடுப்பதே நிறுவனத்தின் முறை என்பதும், அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் இப்படி வெந்தவர்களிடமிருந்து 700க்கும் மேற்பட்ட புகார்கள் அதனிடம் இருந்தன என்பதும் வெளியே வந்தன. ஜூரிகள் 1994இல் மூதாட்டி மீதும் இருபது சதவீதத் தவறு உண்டு என்று கண்டு, இரண்டு லட்சம் டாலர் இழப்பீட்டை 1,60,000ஆகக் குறைத்தார்கள். நிறுவனத்தைத் தண்டிப்பதற்காகத் தனியே, தண்டனை இழப்பீடாக அவர்கள் விதித்த 27 லட்சம் டாலரை நீதிபதி 4,80,000ஆகக் குறைத்தார். இறுதியில் வெளியிடப்படாத தொகைக்குச் சமரசமானது.

இதில் உங்களுக்கு வேண்டியவை இரண்டு. பல நாடுகளில், பாதிக்கப்பட்டவரின் தவறு இழப்பீட்டின் ஒரு பங்கைக் குறைக்குமே தவிர, வழக்கையே அழித்துவிடாது. அதோடு, வீட்டில் கெட்டிலைப் பயன்படுத்துபவர் எப்போதாவது கோட்டைத் தாண்டி ஊற்றுவார் என்பது எந்த வடிவமைப்பாளரும் எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒன்று. சிறிது கூடுதல் எடைக்கே முறிந்துவிடும் கைப்பிடி என்றால், குறை வடிவமைப்பிலா, அந்தத் தொகுதியை வார்த்த விதத்திலா, எச்சரிக்கை போதாமையிலா என்றுதான் கேள்வி திரும்பும். மற்றொன்று, அந்த 700 புகார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டில் மட்டும் நடந்த துரதிர்ஷ்டம் என்றே நினைத்திருப்பார். தனி மனிதர் எழுதும் கடிதத்துக்கு நிறுவனம் தன் புகார்ப் பதிவேட்டைத் திறந்து காட்டாது. நீதிமன்றத்தின் ஆணை இருந்தால் திறக்க வேண்டிவரும். இதே மாதிரிக் கெட்டிலுக்கு எத்தனை கைப்பிடி முறிந்த புகார்கள் வந்தன, எப்போது வந்தன, அதன் பிறகு பாகம் மாற்றப்பட்டதா என்ற கேள்விகளைப் பதில் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் கேட்க வைப்பதுதான், என் பார்வையில், எங்கள் தொழில் பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி.

இப்போது அந்தப் பத்திரத்துக்கு வருகிறேன். இன்று கையெழுத்திட வேண்டாம் என்பதற்கு எளிய காரணம் காலம். ஆழமான வெந்த புண்ணின் தழும்பு முதிர்ந்து அடங்கவே ஓராண்டுக்கு மேல் ஆகலாம். அதற்குள் தோல் இறுகிப் பாதத்தை மடக்க முடியாமல் போகுமா, மறுபடி அறுவை தேவைப்படுமா, நடைப் பயிற்சி எத்தனை மாதம் என்பதெல்லாம் ஐந்தாவது வாரத்தில் எந்த மருத்துவருக்கும் உறுதியாகத் தெரியாது. அந்தப் பத்திரமோ இதுவரை ஆன செலவைக் கொடுத்து, இனி ஆகப்போவதையும் சேர்த்து விட்டுக்கொடுக்கச் சொல்கிறது. அம்மாவின் வலி, தூக்கமின்மை, அவர் செய்துவந்த வீட்டு வேலை, அவரைப் பார்த்துக்கொள்ள நீங்கள் எடுத்த விடுப்பு எதற்கும் அதில் இடமில்லை.

யாரிடமும் சொல்லக் கூடாது என்ற வரிதான் என்னை இன்னும் உறுத்துகிறது. தொகையை வெளியிட வேண்டாம் என்று கேட்பது வழக்கமான ஒன்று. அதை ஏற்பதால் பிறருக்குக் கேடில்லை. ஆபத்தையே வெளியில் சொல்லக் கூடாது என்பது வேறு. அந்த வரியில் கையெழுத்திட்டால், நாளை இன்னொரு பெண் அதே கெட்டிலைத் தூக்கும்போது எச்சரிக்கத் தெரிந்த நீங்கள் வாய் திறக்க முடியாமல் நிற்பீர்கள். அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 1990இலேயே, பொதுமக்களுக்கு ஆபத்தான ஒன்றை மறைக்கும் ஒப்பந்தப் பகுதி செல்லாது என்று சட்டமியற்றியது. அப்படிப்பட்ட சட்டம் இல்லாத இடத்தில் அந்த வரியை அடித்துவிடச் சொல்லி வாதாடுவது வழக்கறிஞரின் பொறுப்பு. மறைமுகச் சமரசங்களுக்குத் துணைபோன வழக்கறிஞர்களும் உண்டு என்பதை இந்தத் தொழிலில் இருந்துகொண்டு நான் மறுக்க முடியாது. கட்சிக்காரருக்கு உடனடியாகப் பணம் தேவைப்படும்போது அந்த முடிவு எவ்வளவு கடினமானது என்பதும் தெரியும். ஆகவே இதை முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள்: தொகை குறைந்தாலும் பேசும் உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நீங்கள் சொன்னால், நல்ல வழக்கறிஞர் அதற்கேற்பப் பேரத்தை நடத்துவார்.

பணத்துக்கு ஆசைப்பட்டதாக ஆகிவிடாதா என்று கேட்டீர்கள். வெந்த தோலை நீதிமன்றம் திருப்பித் தர முடியாது. அதனால்தான் பணத்தைத் தருகிறது. அந்தப் பணம் இன்னொரு வேலையையும் செய்கிறது. கைப்பிடிக்குள் இன்னொரு திருகு வைப்பதற்கோ சற்றுத் தடித்த பிளாஸ்டிக் போடுவதற்கோ ஆகும் சிறு செலவை மிச்சம் பிடித்த கணக்கில், காயம்பட்டவரின் செலவு எங்கேயும் எழுதப்படுவதில்லை. இழப்பீடு அதை அந்தக் கணக்கிலேயே எழுத வைக்கிறது; காப்பீட்டு நிறுவனம் அடுத்த ஆண்டுப் பிரீமியத்தைக் கூட்டும்போது வடிவமைப்புத் துறைக்குக் கடிதம் போகிறது. ஒரே வழக்கில் எல்லாம் மாறிவிடும் என்று உங்களுக்கு வாக்களிக்க மாட்டேன். பல வழக்குகள் ஒரு வீட்டின் துயரத்தைத் தணிப்பதோடு நின்றுவிடுகின்றன. அதனால் வழக்கோடு சேர்த்து, பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்புக்கும் இப்போதே புகார் அனுப்புங்கள். அதற்கு வழக்கறிஞரும் தேவையில்லை, கட்டணமும் இல்லை. அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும், இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரம் கொண்டவை. ஐரோப்பிய நாடுகள் ‘சேஃப்டி கேட்’ என்ற அமைப்பின் வழியாக இத்தகைய எச்சரிக்கைகளை ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்கின்றன. உங்கள் மாதிரிக் கெட்டிலைப் பற்றி ஏற்கெனவே எச்சரிக்கை வந்திருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.

வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும்போது, பொருள் குறைபாட்டு வழக்கை நடத்தியிருக்கிறாரா, நிபுணருக்கான செலவை யார் ஏற்பது, தோற்றால் எதிர்த்தரப்பின் செலவு நம் தலையில் விழுமா என்று கேளுங்கள். வென்றால் மட்டும் இழப்பீட்டில் ஒரு பங்கைக் கட்டணமாகப் பெறுவது அமெரிக்காவில் வழக்கம். இந்தியாவில் வழக்கறிஞர்களுக்கு அது விதிப்படியே தடை. மருத்துவமனைக் கட்டிலுக்கே தேடி வந்து கையெழுத்துக் கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள். காலவரம்பு நாட்டுக்கு நாடு மாறும்: இந்திய நுகர்வோர் ஆணையங்களில் இரண்டு ஆண்டு, இங்கிலாந்தில் பொதுவாக மூன்று ஆண்டு. இன்னும் நாள் இருக்கிறது என்று கடைசி மாதம் வரை தள்ளிப்போட வேண்டாம்.

அம்மாவின் புண்ணை வாரம் ஒரு முறை ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். அவர் எந்த வேலையை எப்போது மறுபடி செய்யத் தொடங்கினார் என்பதைச் சிறு குறிப்பேட்டில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். சித்தியும் அம்மாவும் தங்களுக்கு நினைவிருப்பதை, ஒருவரையொருவர் கேட்காமல், தனித்தனியே எழுதிவைப்பது நல்லது. வழக்குத் தொடுப்பதா என்பதை அம்மாதான் முடிவு செய்ய வேண்டும், காயம் அவருடையது. அவர் வேண்டாம் என்றாலும் பத்திரத்தில் கையெழுத்திடாமலும் கெட்டிலைக் கொடுக்காமலும் காத்திருப்பதில் அவருக்கு எந்த நட்டமும் இல்லை என்று சொல்லுங்கள்.

நிறுவனத்துக்கு இந்த வாரம் இவ்வளவு எழுதினால் போதும்: “தங்கள் கடிதம் கிடைத்தது. கெட்டில் எங்கள் வசம் பத்திரமாக உள்ளது. இரு தரப்பு நிபுணர்கள் முன்னிலையில் அதை ஆராய எங்களுக்குத் தடையில்லை. சிகிச்சை முடியும் வரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திட இயலாது. இந்த மாதிரிக்கு வந்த புகார்கள், சோதனை அறிக்கைகள் அனைத்தையும் அழிக்காமல் பாதுகாத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.